இன்றைக்கு ஆரே எத்தனை டிகிரி?

பெர்ன், சுவிட்சர்லாந்து
ஆகஸ்ட் 4

அன்புள்ள ராணிக்கு,

அக்கா எழுதுவது. அதான் போனில் பேசிக்கொண்டிருக்கிறோமே, எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நீ பாதியில் குக்கர் விசில் என்று வைத்துவிடுகிறாய். மீதிப் பாதி நேரம் என்ன சாப்பிட்டே, குளுருதா என்று கேட்பதிலேயே போய்விடுகிறது. அதுவுமில்லாமல், ஆயுசு பூராவும் தபால் ஆபீசில் முத்திரை குத்திவிட்டு ரிட்டையர் ஆனவள், இந்த ஊருக்கு வந்து ஒரு கடிதம்கூடப் போடாமல் திரும்பினால் நன்றாக இருக்காது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் உன் குளிர் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். நீ வற்புறுத்தி வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. போன வாரம் 33 டிகிரி. நமக்கு அது ஒரு வெயிலா என்பாய். வீட்டில் மின்விசிறி கிடையாதுடி. உத்தரத்தில் அதை மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை. காலையிலேயே ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மடிப்புப் பலகையை இறக்கி, வீட்டை இருட்டாக்கி, பகல் பூரா அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ராத்திரி திறந்து காற்று வாங்க வேண்டும். அந்த ராத்திரியும் லேசில் வருவதில்லை. நான் வந்த ஜூன் மாதத்தில் ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் விழுந்தது. எட்டரைக்குப் பிள்ளையைத் தூங்க வைம்மா என்று கவிதா சொல்வாள். “வெளியே வெயில் அடிக்குதே அம்மாச்சி” என்று நிலவன் கேட்பான். அவன் கேட்பது நியாயம்தானே?

இந்த ஊரில் வெயில் ஏறினால் ஜனங்கள் ஒருவரை ஒருவர் கேட்கிற முதல் கேள்வி, இன்றைக்கு ஆரே எத்தனை டிகிரி என்பதுதான். ஆரே என்பது ஆறு. பழைய நகரத்தை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மேலே பனியாறுகளில் பிறந்து, பிரியன்ஸ், தூன் என்று இரண்டு ஏரிகளுக்குள் புகுந்து புறப்பட்டு இங்கே வருகிறது. இங்கிருந்து போய் ரைன் நதியில் சேர்கிறது. அம்மாவிடம் மயில்கழுத்துக் கலர் பட்டு ஒன்று இருந்ததே, கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுவாளே, அதை நாலு தடவை வெளுக்கப் போட்டால் என்ன நிறம் வருமோ அந்த நிறம் தண்ணீர்.

இந்தத் தண்ணீரில் இவர்கள் தினமும் இறங்குகிறார்கள். லீவு நாளில் உல்லாசத்துக்கு இறங்குவதைச் சொல்லவில்லை. ஆபீஸ் முடிந்து சாயங்காலம் ஐந்தரைக்கு வருகிற மனிதர், கரையில் நின்று சட்டை, கால்சட்டை, சப்பாத்து எல்லாவற்றையும் கழற்றித் தண்ணீர் புகாத ஒரு பையில் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுகிறார். நீந்தக்கூட வேண்டாம். ஓட்டமே ஆளைக் கொண்டு போகிறது. தன் பேட்டை வந்ததும் கரையேறித் துவட்டி, உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். நம் மாப்பிள்ளையும் சில நாள் இப்படித்தான் வருகிறார். முதல் தடவை ஈரத் தலையோடு வாசலில் நின்று, “அத்தை, இன்னைக்கு பஸ் புடிக்கலை, ஆத்துல வந்துட்டேன்” என்றபோது எனக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

ஓட்டம் சாதுவானதில்லை. கரையோரமாக நடக்கும்போது பக்கத்தில் மிதந்து போகிற தலைகளோடு போட்டிபோட்டுப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் கரை நெடுக, இடம் விட்டு இடம் படிகளும், தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற சிவப்புக் கம்பிகளும் வைத்திருக்கிறார்கள். ஏற வேண்டிய இடம் வருவதற்கு முன்பே கரைப் பக்கம் ஒதுங்கி, கம்பியை எட்டிப் பிடிக்க வேண்டும். பிடித்த மாத்திரத்தில் ஆறு காலை இழுத்து உடம்பைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிடும். அப்புறம் கம்பியைப் பற்றிக்கொண்டே படிக்கு நகர வேண்டும். இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தவன் நிலவன். எட்டு வயசுக்காரன், கரையில் குந்திக்கொண்டு வாத்தியார் மாதிரி விரலை ஆட்டி, “கடைசிக் கம்பியை விட்டுட்டா அப்புறம் தடுப்பணைதான் அம்மாச்சி, அதனால கடைசிக் கம்பிக்குக் காத்திருக்கவே கூடாது” என்கிறான். நீச்சல் தெரிந்தவர்களிலும் பழக்கமில்லாத வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது உண்டாம். எங்கே பார்த்தாலும் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. ஆனால் இறங்காதே என்று ஒரு பலகையில் எழுதி நட்டுவிட்டு அதோடு வேலை முடிந்தது என்று போகவில்லை. எப்படி இறங்குவது, எங்கே ஏறுவது என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்தது.

ஊருக்கு நடுவே, நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நேர் கீழே, மார்ட்சிலி என்று ஒரு பெரிய குளியல் மைதானம். புல்வெளி, மரநிழல், குளங்கள், உடுப்பு மாற்றும் அறைகள் எல்லாம் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. இந்த நாட்டில் ஒரு பாட்டில் தண்ணீருக்கு என்ன விலை என்று தெரிந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியும். (அந்தப் பாட்டிலையும் யாரும் வாங்க வேண்டியதில்லை. ஊர்த் தெருக்களில் நூற்றுக்கு மேல் நீரூற்றுத் தொட்டிகள் இருக்கின்றன, அநேகமாக எல்லாவற்றிலும் குடிக்கிற தண்ணீர். ஒன்றின் உச்சியில் ஒரு ராட்சசன் குழந்தையைத் தலையோடு வாயில் திணித்துக்கொண்டிருக்கிறான். 1540களில் வைத்த சிலையாம். நிலவன் அதன் அடியில்தான் பாட்டில் நிரப்புவான்.) மார்ட்சிலிக்குள் பாரடீஸ்லி என்று பெண்களுக்கு மட்டுமான ஒரு அடைப்பு உண்டு. பெண்களுக்கு மட்டும் என்றதும் நமக்குத் தோதான இடம் என்று நம்பி உள்ளே போனேன். என் வயசுக்காரிகளும் எனக்கு மூத்தவர்களும், நூலிழை துணியில்லாமல், குப்புறவும் மல்லாந்தும் படுத்துப் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்! ஒருத்தி கண்ணாடியை ஏற்றி என் சேலையைப் பார்த்துப் புன்னகை வேறு செய்தாள். அந்த இடத்தில் விசித்திரமாக இருந்தது நான்தான்.

நான் இறங்கினேனா என்றுதானே கேட்கிறாய்? இறங்கினேன். மார்ட்சிலியில் இல்லை, அதற்கு மேலே ஐக்ஹோல்ட்ஸ் என்று ஆற்றோரமாக ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது, அங்கே. கவிதா வாங்கிக் கொடுத்த முழுக்கால் நீச்சல் உடையோடு, ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் கம்பி. பலகையில் 19 டிகிரி என்று போட்டிருந்தது. கணுக்கால் வரை போனபோது எலும்பு வலித்தது. இடுப்பு வரை போனதும் வாய் தானாகச் சிவசிவா என்றது. கழுத்து வரை போன பிறகு ஒன்றும் தெரியவில்லை. நம் ஊர்க் காவிரியில், புஷ்ய மண்டபப் படித்துறையில் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காலடித்துப் பழகின உடம்பு, அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுமா?

அப்போது நிலவன், “காதை உள்ள வையி அம்மாச்சி, கல்லு பேசும்” என்றான். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் காதை மட்டும் முக்கினேன். ராணி, நிஜமாகவே சத்தம் கேட்கிறது. ஆற்றின் அடியில் கூழாங்கற்கள் ஓட்டத்தோடு நகர்ந்து ஒன்றோடொன்று உரசுகிற ஓசை. மெல்லிசாக, விடாமல், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் தலைக்குள் நிறைகிறது. தலையைத் தூக்கினால் பிள்ளைகள் கத்துவதும் ரேடியோவும்தான். மறுபடி முக்கினால் மறுபடி அந்த ஓசை. காவிரி மணல் ஆறு, அதன் அடியில் இப்படி ஒன்று நாம் கேட்டதில்லை. உதடு நீலமாகிறது, போதும் என்று கவிதா இழுத்துக்கொண்டு வரும்வரை அதையே செய்துகொண்டிருந்தேன்.

எங்களுக்கு மேல்வீட்டில் எண்பது வயசைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார். உங்கள் ஆறு எப்போதும் இப்படியா என்று அவரிடம் கேட்டேன். கையை உதறினார். அவர் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் சுவிட்சர்லாந்தின் பல ஆறுகளும் ஏரிகளும் சாக்கடையாகத்தான் கிடந்தனவாம். நுரை மிதக்குமாம், சில இடங்களில் குளிக்கவே தடை போட்டிருந்தார்களாம். 1953இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு, தண்ணீரைக் காப்பதற்கான விதியை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். சேர்த்ததோடு எல்லாம் மாறிவிடவில்லை. 1963இல் செர்மாட் என்கிற மலை ஊரில், உல்லாசப் பயணிகள் குவிகிற பருவத்தில், குடிதண்ணீரில் கழிவு கலந்து டைபாய்டு பரவிற்று. 400க்கும் மேற்பட்டவர்கள் படுத்துவிட்டார்கள், மூன்று பேர் இறந்தே போனார்கள். உலகமெல்லாம் செய்தியாகி மானம் போன பிறகுதான் சுத்திகரிப்பு நிலையங்கள் மளமளவென்று எழுந்தன. இன்றைக்கு அநேகமாக எல்லா வீட்டுக் கழிவும் அந்த நிலையங்களுக்குப் போய்த்தான் ஆற்றுக்கு வருகிறது.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு எரிச்சல் போகமாட்டேன் என்கிறது. இவர்கள் ஆற்றை அம்மா என்று கூப்பிடுவதில்லை. மஞ்சள் குங்குமம் போடுவதில்லை. கைப்பிடி போட்டு வைத்திருக்கிறார்கள், கழிவைத் தனியாகக் குழாயில் கொண்டு போகிறார்கள். நாம் கும்பிட்டுவிட்டுப் பக்கத்திலேயே சாக்கடையைத் திறந்து விடுகிறோம். பணக்கார நாடு, செய்ய முடிகிறது என்று மாப்பிள்ளை சொல்கிறார். அதுவும் உண்மைதான். அதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று இருக்கிறது: மேல் மாநிலத்துக்காரனிடம் தண்ணீர் கேட்டுக் காத்திருக்கிற தலையெழுத்து இவர்களுக்கு இல்லை. ரைனுக்கும் ரோனுக்கும் மேல் ஊர்க்காரர்களே இவர்கள்தான்!

சரி, தபால் விஷயத்துக்கு வருகிறேன். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா. அதில் பாறை மேல் ஒரு மேகம், மேகத்தின் மேல் ஒரு பூகோள உருண்டை, அதைச் சுற்றி ஐந்து பெண்கள் பறந்தபடி ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்திக்குக் கடிதம் மாற்றிக் கொடுக்கிறார்கள். ஐந்து பேரும் ஐந்து கண்டங்கள். பார்த்ததும் கால் நின்றுவிட்டது. எங்கள் ஆபீசில் சர்வதேசச் சுற்றறிக்கைகளின் தலைப்பில் சின்னதாக ஒரு முத்திரை இருக்குமே, ஆயுசெல்லாம் பார்த்த முத்திரை, அதன் மூலச் சிலை இதுதான். 1909இல் வைத்தது, சிற்பி ரெனே த சான்-மார்சோ என்கிற பிரெஞ்சுக்காரர். உலக தபால் சங்கம் 1874 அக்டோபர் 9ஆம் தேதி இந்த ஊரில்தான் பிறந்தது. 22 நாடுகள் கையெழுத்துப் போட்டன. இந்தியா 1876இல் சேர்ந்தது. இன்னமும் தலைமை அலுவலகம் இங்கேதான்.

உனக்கு இது பெரிசாகத் தெரியாது. அதற்கு முன்னால் ஒரு கடிதம் நாலு நாட்டைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் நாலு நாட்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கட்டணம். இவர்கள்தான் கடிதத்தைப் பொறுத்தவரை உலகம் முழுக்க ஒரே ஊர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஒட்டுகிற ஊரின் தபால்தலை போதும், வழியில் இருக்கிற எவனும் வேறு தலை கேட்கக் கூடாது. அக்டோபர் 9ஆம் தேதி வந்தால் நாங்கள் போஸ்டர் ஒட்டி மிட்டாய் கொடுப்போமே, அந்த நாளின் கதை இதுதான். சிலைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை எழுதினேன். நிலவனுக்குப் பொறுக்கவில்லை. அங்கிருந்து நாலு அடி வைத்தால் மார்ட்சிலிக்கு இறங்குகிற கயிற்று ரயில், மொத்தமே 105 மீட்டர், 1885லிருந்து ஓடுகிறது. ஏறி உட்கார்ந்து கைப்பையைச் சரிசெய்வதற்குள் கீழே வந்துவிடுகிறது. நடந்தே இறங்கலாம். ஆனால் பிள்ளை விடுவானா?

வீட்டு விவகாரங்கள் எல்லாம் எழுதினால் பக்கம் போதாது. துணி துவைக்க நமக்கென்று முறை ஒதுக்கிய நாளில் கீழ் அறைக்குப் போக வேண்டும். குப்பைக்கு நகராட்சியின் நீலப் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், வேறு பையில் கட்டினால் எடுக்க மாட்டார்கள். பழைய பேப்பரைச் சணலால் கட்டி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாட்டில் குப்பைத் தொட்டியில் கண்ணாடி போடக் கூடாது, சத்தம் கேட்குமாம். ஞாயிற்றுக்கிழமை மறந்துபோய் பால் தீர்ந்தால் ரயில் நிலையக் கடைக்குத்தான் ஓட வேண்டும், மற்றதெல்லாம் அடைப்பு. கறிவேப்பிலை, முருங்கைக்காய், புட்டு மா எல்லாம் தமிழ்க் கடையில் கிடைக்கிறது. அவ்வளவுதான்.

தமிழ்க் கடை என்றதும், கீழ்வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. யாழ்ப்பாணம், நல்லூர்ப் பக்கம். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த கூட்டத்தில் அவள் வீட்டுக்காரர் ஒருவர். ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவித் தொடங்கியிருக்கிறார். பிள்ளைகள் தங்களுக்குள் பெர்ன் பாஷையில்தான் பேசுகிறார்கள், அம்மாவிடம் மட்டும் தமிழ். ஆடி முதல் நாள் காலையில் கதவைத் தட்டி, “அக்கா, இது எங்கட ஆடிக்கூழ், சூட்டோட குடியுங்கோ” என்று ஒரு தூக்கு நீட்டினாள். அரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய். நம் மாரியம்மன் கோயில் கேப்பைக்கூழை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தால் பாயசம்! குடித்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அவளோடுதான் கோயிலுக்கும் போனேன். ஐரோப்பாபிளாட்ஸ் என்கிற இடத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டடம், 2014 கடைசியில் திறந்தது. உள்ளே ஒரு பக்கம் பள்ளிவாசல், ஒரு பக்கம் கிறிஸ்தவர்களுக்கு ஆலயம், பௌத்தர்களுக்கு ஒரு கூடம், துருக்கி அலெவிகளுக்கு ஒன்று, அதே கூரையின் கீழ் நம் ஞானலிங்கேச்சுரர் கோயில். பூசை தமிழில். பெண்களும் பூசை செய்கிறார்கள். தேவாரம் ஓதுகையில் ஐயாறப்பர் பேர் வந்தது, அவர் எங்கள் ஊர்ச் சாமி என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். அப்புறம் ஒருத்தர் விடாமல் வந்து விசாரித்தார்கள். காவிரியில் இப்ப தண்ணி போகுதோ என்று ஒரு பெரியவர் கேட்டார். எந்த ஊரில் போய் என்ன கேட்கிறார் பார்!

ஆகஸ்ட் 1 இவர்கள் நாட்டு தினம். 1291இல் மூன்று மலைநாட்டார் கூடி ஒப்பந்தம் செய்த நினைவு. இத்தனை பழைய நாளுக்கு நாடு முழுக்க விடுமுறை விட்டது 1994லிருந்துதானாம். பேக்கரியில் சிலுவை கீறின பன் மேல் ஒரு குட்டிக் கொடி குத்தி விற்றார்கள். பிள்ளைகள் காகித விளக்கு தூக்கினார்கள். வெடிச்சத்தம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டில் சத்தத்துக்குச் சட்டம் போட்ட ஜனங்கள்தான் அன்றைக்கு நடுராத்திரி வரை வெடித்தார்கள்.

நேற்று ஆடிப்பெருக்கு. புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் கிளறிக் கட்டிக்கொண்டு ஐக்ஹோல்ட்ஸ் போனோம். கீழ்வீட்டுக்காரி குடும்பத்தோடு வந்தாள், மேல்வீட்டு அம்மாவும் மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டார். மஞ்சள் சரடு கட்டிக்கொண்டோம். அந்த அம்மாவும் கையில் ஒன்று கட்டச் சொல்லி நீட்டினார், கட்டிவிட்டேன். கொஞ்சம் பூவை ஆற்றில் விடலாமா என்று கவிதா கேட்டாள். வேண்டாம் என்றேன். யாரும் எதையும் போடாத ஆற்றில் நாம் போய் ஆரம்பிப்பானேன்? பூவை நாங்களே தலையில் வைத்துக்கொண்டோம். புளியோதரையை மேல்வீட்டு அம்மா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊறவைத்த புளியின் கொட்டையை என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். டீச்சர் புத்தி.

நீ நேற்று படித்துறைக்குப் போனாயா? எந்தப் படி வரை தண்ணீர் நிற்கிறது? கூட்டத்தை எடுக்காமல் தண்ணீரை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, அந்தக் கோயில் பெரியவருக்குக் காட்ட வேண்டும். வீட்டு மோட்டாரை வாரம் ஒரு தடவையாவது ஓட விடு, சும்மா கிடந்தால் இறுகிப்போகும். மாவடு ஜாடியைக் குலுக்கி வை. பள்ளிக்கூடம் திறந்து நிலவன் போகத் தொடங்கியதும் மாதக் கடைசியில் கிளம்புகிறேன். சென்னையில் இறங்கி, உழவன் எக்ஸ்பிரசில் தஞ்சாவூர் வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம், பெட்டி இந்தத் தடவை இலேசுதான். ஸ்வெட்டரைக் கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா வசந்தா

பி.கு.: பாரடீஸ்லி சமாசாரம் வருகிற தாளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மீதியை உன் வீட்டுக்காரரிடம் வாசிக்கக் கொடு.